கிள்ளிப் பிடித்த சொற்கள்

மச்சாள்,

உன்னுடைய அலுமாரியின் மணம் என் வீட்டுக்குள் வந்துவிட்டது. நேற்றுப் பின்னேரம் உன் மனுசன் பட்டணத்து பஸ்ஸில் வந்து இறங்கி, பிரவுண் தாளில் சுற்றிய ஒரு கொப்பியை என் மேசையில் வைத்தார். தாளைப் பிரிக்கவே தேவையிருக்கவில்லை. பூச்சி உருண்டை மணத்திலேயே தெரிந்துவிட்டது, இது நீ பத்திரப்படுத்தின சாமான் என்று. எதையும் நீ பூச்சி அரிக்க விடமாட்டாய். அடுத்தவளுடைய சாமான் என்றால் இன்னும் கவனமாக வைத்திருப்பாய்.

அவர் கதிரை நுனியில் இருந்துகொண்டு சொன்னார்: "அவவின்ர முப்பத்தொண்டாம் நாள் அந்தியேட்டிக்குக் கல்வெட்டுப் புத்தகம் அடிக்கிறம், தங்கச்சி. அவவைப் பற்றித் தெரிஞ்ச ஆக்கள் எல்லாரும் எழுதித் தருகினம். நீரும் நாலு வரி எழுதித் தாரும். சின்னனில இருந்து ஒண்டாத் திரிஞ்சனீங்கள்."

"எனக்கு எழுத வராது, அண்ணை."

"இந்தக் கொப்பி அவவின்ர அலுமாரிக்குள்ள சீலையளுக்குக் கீழ கிடந்தது. உம்மட எழுத்தும் கிடக்கு. பார்த்தீரெண்டால் ஏதேனும் ஞாபகம் வரும்."

ஞாபகம் வருமாம். மறந்திருந்தால்தானே வருவதற்கு. நல்ல மனுசன், பாவம். எங்கள் இருவருக்குள்ளும் என்ன நடந்ததென்று நீ அவருக்குச் சொல்லவே இல்லை என்பது அவருடைய முகத்தைப் பார்க்கத் தெரிந்தது. சொல்லியிருந்தால் என்னிடம் வந்திருக்கமாட்டார்.

செத்தவர்களைப் பற்றி அந்தப் புத்தகங்களில் எப்படி எழுதுவார்கள் என்று உனக்கும் தெரியும். எல்லாரும் குணத்தில் தங்கம், எல்லாரும் ஊருக்கு விளக்கு. அப்படி நாலு வரி உன்னைப் பற்றி எழுத என் கை போகாது. கொப்பியை நான் இன்னும் திறக்கவில்லை. முதலில் நான் சொல்லவேண்டியதைச் சொல்லி முடிக்கிறேன். இது புத்தகத்துக்கல்ல, உனக்கு.

பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு ஆங்கிலம் படிப்பித்த ரீச்சர் மாற்றலாகிப் போனபின் வேறு ஆள் வரவில்லை. சிங்களம் படித்தால்தான் அரசாங்க உத்தியோகம் என்று சட்டம் வந்து அப்போது பத்து வருஷம் ஆகப்போகிறது. ஆங்கிலத்துக்கு இனி யார் அழப்போகிறார்கள் என்று பெரியவர்களும் விட்டுவிட்டார்கள். நீ மட்டும் விடவில்லை. ரெலிபோன் கந்தோரில் ஆங்கிலம்தான் வேண்டும், அங்கே பெண்பிள்ளைகளை எடுக்கிறார்கள் என்று எங்கேயோ கேட்டுக்கொண்டு வந்தாய்.

"ரீச்சரும் வேண்டாம் ஒரு மண்ணும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலமை பட்டணத்தில இங்கிலீசுப் படம் ஓடுது. அதில கதைக்கிறதைப் பிடிச்சால் காணும்" என்றாய்.

உன் அம்மாவை, என் மாமியை, நீதான் சம்மதிக்க வைத்தாய். மாமிக்குப் படம் விளங்காது, ஆங்கிலமும் விளங்காது. ஆனால் குதிரை என்றால் உயிர். கதிரையில் இருந்த உடனே முக்காடு போட்டுக்கொண்டு, "குதிரை வந்தால் எழுப்புங்கோடி" என்று சொல்லிவிட்டு நித்திரையாகிவிடுவா. குதிரை வராத படம் என்று ஒன்று அந்தத் தியேட்டருக்கு வந்ததே இல்லை. ஞாயிறு காலைக் காட்சிக்கு மலிவான பழைய ரீல்களைத்தான் கொண்டுவந்து ஓட்டுவார்கள். எல்லாம் சீமான் சீமாட்டி காலத்துப் படங்கள். ஆம்பிளைகள் தலைமயிருக்கு மாப் பூசியிருப்பார்கள். பெண்கள் கதவுக்குள் நுழைய முடியாத அகலத்தில் பாவாடை கட்டியிருப்பார்கள். வாள் எடுக்காமல் ஒருவனும் கதைக்கமாட்டான். இங்கிலீசுக்காரர் இன்றைக்கும் அப்படித்தான் உடுத்து அப்படித்தான் கதைக்கிறார்கள் என்று நாங்கள் இரண்டு பேரும் நம்பினோம். திருத்துவதற்கு ஒருவரும் இருக்கவில்லை.

கிள்ளுகிற சட்டத்தைக் கொண்டுவந்தவள் நீ. அதை இப்போது நன்றாக ஞாபகப்படுத்திக்கொள். இருட்டில் எழுத ஏலாது. அதனால் ஒரு சொல் காதில் விழுந்து, அது புதுச்சொல்லாக இருந்தால், முந்திக் கேட்டவள் மற்றவளின் கையைக் கிள்ளவேண்டும். கிள்ளினவளுக்கே சொல் சொந்தம். மற்றவள் அதைச் சொல்லக்கூடாது, எழுதக்கூடாது, விளையாட்டுக்கும் எடுக்கக்கூடாது. ஞாயிறு பின்னேரங்களில் என் இடக்கை முழங்கைக்கு மேல் நாவற்பழம் அப்பினதுபோல இருக்கும். "நுளம்பு கடிச்சதோ?" என்று அம்மா கேட்பா. உன் கையில் அவ்வளவு இருக்காது. உனக்குக் காது கூர்மை.

திரும்பி வரும்போது பண்ணைப் பாலத்தில் பஸ் ஏறியதும் கொப்பியை விரிப்போம். நடுவில் கோடு. இடப்பக்கம் உனக்கு, வலப்பக்கம் எனக்கு. அகராதி எங்களிடம் இல்லை. சொல்லுக்குப் பக்கத்தில் கருத்து எழுதுவதில்லை, காட்சியை எழுதுவோம். யார் சொன்னது, யாருக்குச் சொன்னது, அப்போது என்ன நடந்தது. அவ்வளவும் எழுதினால்தான் சொல் சொந்தமாகும். இரண்டு பக்கமும் கடல் வெளுத்துக் கிடக்கும், காற்று தாளைப் பிடுங்கும், கச்சான் கடலைக் கோதை நீ மாமியின் மடியில் கொட்டிக்கொண்டு எழுதுவாய். மண்டைதீவு கழிவதற்கிடையில் எழுதி முடிக்கவேண்டும் என்பது இன்னொரு சட்டம். அதையும் நீதான் போட்டாய்.

பேஷன்ஸ் என்ற சொல் உன்னுடையது. அந்தக் காட்சி எனக்கு இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது. குத்தகைக்காரர்கள் தீப்பந்தத்தோடு மாளிகைக்குள் வந்துவிட்டார்கள். சீமாட்டி படிக்கட்டின் மேற்படியில் தனியாக நின்றுகொண்டு ஒரு கையை மட்டும் உயர்த்தி, குரலை உயர்த்தாமல், பொறுக்கச் சொல்லி, "ஐ பெக் யுவர் பேஷன்ஸ்" என்றாள். பந்தமெல்லாம் கீழே இறங்கின. எனக்கு மேல் சிலிர்த்தது. அந்தச் சிலிர்ப்பில் கிள்ள மறந்துபோனேன். நீ கிள்ளிவிட்டாய்.

மேர்சி என்னுடையது. வேறொரு படம். வாளை ஓங்கிக்கொண்டு நிற்கிற தளபதியைப் பார்த்து ஒரு கிழவன் முழங்காலில் நின்று இரண்டு கையையும் கழுத்தடியில் கோத்துக்கொண்டு இரக்கம் கேட்ட சொல். "மேர்சி, சேர்! மேர்சி!" நான் கிள்ளின கிள்ளில் நீ கத்திவிட்டாய். முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மாமி எழும்பி, "குதிரை வந்திட்டுதோ?" என்றா.

மாற்றிக்கொள்ளவும் வழி வைத்திருந்தாய். இரண்டு பேருக்கும் சம்மதமென்றால் ஒரு சொல்லுக்கு ஒரு சொல் மாற்றலாம். கொப்பியின் கடைசித் தாள்களில் 'மாற்று' என்று தலைப்பு. அதில் சொல் இரண்டையும் எழுதி இரண்டு பேரும் சின்னக் கையெழுத்து வைக்கவேண்டும். ஒருத்தி வைத்து மற்றவள் வைக்காவிட்டால் செல்லாது. குதிரை பாய்ந்து ஓடுவதற்கு ஒரு சொல் என்னிடம் இருந்தது, 'கலப்' என்று. அதைச் சொல்லி மாமியைச் சிரிக்கவைக்க வேண்டும் என்று உனக்கு ஆசை. அதற்காக, சீமாட்டியைக் கூப்பிடுகிற 'டச்சஸ்' என்ற சொல்லை எனக்குத் தந்தாய். நான் ஒரு கிழமை டச்சஸாகத் திரிந்தேன். ஆட்டுக்குக் குழை போடும்போதும் டச்சஸ்தான்.

நான் ஒருநாள் சட்டத்தை மீறினேன், ஞாபகமா? கிணற்றடியில் வாளியைத் தூக்கிக்கொண்டு பகிடிக்கு உன்னைப் பார்த்து, "யுவர் மஜெஸ்ரி" என்றேன். அது உன்னுடைய சொல். நீ சிரிக்கவில்லை. வாளியை வாங்கித் தண்ணீரை நிலத்தில் ஊற்றினாய். அடுத்த இரண்டு ஞாயிறும் என்னைப் படத்துக்குக் கூட்டிப்போகாமல் மாமியோடு தனியே போனாய். மூன்றாம் கிழமை உன் வீட்டு முற்றத்தில் நான் இரண்டு காதையும் பிடித்துக்கொண்டு, "இனி எடுக்கமாட்டன்" என்று மூன்று தரம் சொன்னபின்தான் கொப்பியைக் கண்ணில் காட்டினாய். எனக்கு அப்போது பதினெட்டு வயது. சின்னப்பிள்ளை விளையாட்டு என்பதுபோலப் பிறகு கதைத்தாயே, அந்த முற்றத்தில் நின்றபோது அது விளையாட்டாக இருக்கவில்லை.

ரெலிபோன் கந்தோரிலிருந்து நேர்முகத்துக்குக் கடிதம் வந்தது. இருவருக்கும் ஒரே நாள். அதே மாதம்தான் எனக்குக் கலியாணம் பேசிக்கொண்டு வந்தார்கள். தெற்கில் கடை வைத்திருக்கிறவர், பெண்சாதி தவறிப்போய் இரண்டு பிள்ளைகள், என்னைவிடப் பதினாறு வயது மூப்பு. புகையிலை ஒரு வருஷம் சரிவராமல் போனதோடு ஐயாவுக்கு வீட்டில் ஒரு குமர் குறைந்தால் போதும் என்றிருந்தது. நான் அழுத அழுகையில் அவர் ஒரு சொல் தந்தார்.

"உத்தியோகம் கிடைச்சால் இந்தப் பேச்சை விட்டிடுறன். கிடையாட்டில் ஓமெண்டு சொல்லிப்போடுவன். பிறகு அழக்கூடாது."

இதை நான் முதலில் வந்து சொன்னது உனக்கு. உன் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். "உனக்குக் கிடைக்கும்டி, நீ பார்" என்றாய். உன் ஐயா சம்பளக்காரர். உனக்கு ஒருவரும் கலியாணம் பேசவில்லை. உனக்கு அந்த வேலை பொழுதுபோக்கு என்றுதான் நான் நினைத்தேன். உனக்கும் அது உயிராக இருந்திருக்கலாம். நான் கேட்கவில்லை, நீ சொல்லவும் இல்லை.

அந்த அறைக்கு முழுக்கதவு இல்லை. இடுப்பளவில் ஆடுகிற அரைக்கதவு. வெளியே வாங்கில் வரிசையாக இருந்தோம். என்னை முந்திக் கூப்பிட்டார்கள். உள்ளே மூன்று பேர். நடுவில் வெள்ளைத் தலைமயிரைக் கொண்டை போட்ட ஒரு பறங்கிப் பெண்மணி. பெயர், ஊர், வயது எல்லாவற்றுக்கும் பிழையில்லாமல் மறுமொழி சொன்னேன். அவ சந்தோஷமாகத் தலையை ஆட்டினா. பிறகு ஆங்கிலத்தில் ஒரு கேள்வி கேட்டா. கோல் எடுத்த ஒருவர் லைன் கிடைக்காமல் உன்மேல் சீறி விழுகிறார், லைன் கிடைக்க இன்னும் அரைமணி செல்லும், அவருக்கு நீ என்ன சொல்லுவாய்?

கேள்வி எனக்கு முழுக்க விளங்கியது. மறுமொழியும் அந்த நிமிஷமே வந்தது. படிக்கட்டும் தீப்பந்தமும் உயர்த்தின கையும் அப்படியே என் முன்னால் நின்றன. வாயைத் திறந்தேன். அப்போது அரைக்கதவுக்குக் கீழால் உன் கால் தெரிந்தது. நீல வார் வைத்த செருப்பு. கதவுக்குக் கிட்ட வந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தாய். எனக்குப் பின் நீ வரவேண்டும். உன்னிடமும் இதைத்தான் கேட்கப்போகிறார்கள். உன் சொல்லை நான் எடுத்துவிட்டால் நீ என்ன சொல்லுவாய்?

ஓம், அதைத்தான் நினைத்தேன். சிரிக்காதே. என் கலியாணம் அந்த மேசையில் கிடந்தது. நான் உன் செருப்பைப் பார்த்துக்கொண்டு உன் சொல்லை உனக்கு விட்டுவைத்தேன்.

என் பக்கத்துச் சொற்களுக்குள் தேடினேன். சீறுகிறவன் முன்னால் சொல்லக்கூடியது என்னிடம் ஒன்றுதான் இருந்தது. "மேர்சி, சேர்! ஹாவ் மேர்சி ஒன் மீ!" என்றேன். காட்சியோடு படித்த சொல் காட்சியோடுதான் வந்தது. இரண்டு கையும் தானாகக் கழுத்தடியில் கோத்துக்கொண்டன. கரையில் இருந்த ஆம்பிளைகள் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் ஒருவருடைய மூக்குக்கண்ணாடி கழன்று விழுந்தது. பறங்கிப் பெண்மணி சிரிக்கவில்லை. "போகலாம், பிள்ளை" என்று தமிழில் சொன்னா. அது அதைவிடக் கேவலமாக இருந்தது.

நான் வெளியே வர, நீ என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனாய். வாங்கில் இருந்து எல்லாவற்றையும் கேட்டேன். அதே கேள்வி. "ஐ பெக் யுவர் பேஷன்ஸ், சேர்" என்றாய், சீமாட்டியின் அதே குரலில். சரி, அது உன்னுடைய சொல், உனக்கு உரிமை உண்டு. பெரிய உத்தியோகத்தர் ஒருவர் நன்றி சொன்னால் என்ன சொல்லுவாய் என்று கேட்டார்கள். "யூ ஆர் மோஸ்ற் கிரேஷியஸ்" என்றாய். கிரேஷியஸ் என்னுடையது. பிறகு 'பிறிவிலேஜ்'. அதுவும் என்னுடையது. எழும்பி வரும்போது, "யுவர் ஒபீடியன்ற் சேர்வன்ற், மேடம்" என்றாயே, அந்த ஒபீடியன்ற் என்ற சொல்லை நான் பிடித்த நாள் உன் கையில் நகம் பட்டு இரத்தம் வந்தது. உள்ளே திரும்பவும் சிரிப்புச் சத்தம் கேட்டது. இது வேறு சிரிப்பு. பிள்ளையைக் கொஞ்சும்போது சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு.

பஸ்ஸில் பண்ணைப் பாலம் வரைக்கும் பொறுத்துக்கொண்டு வந்தேன்.

"ஏனடி என்ர சொல்லை எடுத்தனி?"

"எந்தச் சொல்லை?"

"கிரேஷியசை. பிறிவிலேஜை. ஒபீடியன்றை."

"சொல்லென்ன காணியோ, உறுதி எழுதி வைச்சிருக்கிறியே? வாயில வந்தது, சொன்னனான்."

"எனக்கும் வந்தது. உன்ர சொல் வந்தது. நான் எடுக்கேல்லை."

நீ அப்போது யன்னல் பக்கம் திரும்பினாய். கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னாய்: "எடுத்திருக்கலாமே. ஆர் மறிச்சது?"

ஆர் மறிச்சது. பதினாறு வருஷமாக அந்த இரண்டு சொல்லும் என் காதுக்குள் குடியிருக்கின்றன. கொப்பியில் எழுதாத சொற்கள், கிள்ளாமலே பிடித்த சொற்கள். அவைதான் நான் உன்னிடமிருந்து முழுதாக வாங்கினவை. அன்றைக்குக் கொப்பி உன் மடியில் இருந்தது. நான் கேட்கவில்லை, நீ தரவும் இல்லை.

உனக்கு வேலைக் கடிதம் வந்த கிழமை ஐயா ஓமென்று சொல்லிப்போட்டார். என் மனுசன் நல்லவர்தான். இரண்டு பிள்ளைகளும் என்னை அம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். கடையில் வைத்து எடுபிடியாக என்னை அவர் நடத்தவில்லை. அது உன்மேல் உள்ள கோபத்தை ஒரு இம்மியும் குறைக்கவில்லை. நல்ல மனுசன் கிடைத்தது என் அதிர்ஷ்டம், உன் புண்ணியம் அல்ல. கடைக்கு வருகிறவர்கள் ஆங்கிலத்தில் கேட்டால் தமிழில் மறுமொழி சொல்லுவேன். எனக்கு ஆங்கிலம் தெரியுமென்று பத்து வருஷம் அவருக்கே தெரியாது. தெரியவந்தபிறகு ஒருமுறை பிள்ளைகளின் பாடப்புத்தகத்தில் பேஷன்ஸ் என்ற சொல் வந்தது. வாசித்துக் காட்டச் சொன்னார்கள். அந்த இடத்தில் நிறுத்திவிட்டு அடுத்த சொல்லுக்குத் தாண்டினேன். பிள்ளைகள் சிரித்தார்கள், "அம்மாக்கு வாசிக்கத் தெரியேல்லை" என்று.

ஐயாவுக்குச் சுகமில்லை, கடுமை என்று தந்தி வந்த நாள் ஒன்று இருக்கிறது. தபால் கந்தோருக்கு ஓடிப்போய் ஊருக்கு ரங் கோல் பதிந்துவிட்டு நின்றேன். ஒரு மணித்தியாலம் நின்றபின் ரிசீவரைத் தந்தார்கள். கரகரவென்று இரைச்சல். அதற்குள்ளிருந்து ஒரு குரல்: "ஐ பெக் யுவர் பேஷன்ஸ், மேடம்."

நீதான். வேறு யார் அப்படிச் சொல்லுவார்கள்? தெற்கில் நின்ற எனக்கும் யாழ்ப்பாணத்தில் இருந்த உனக்கும் நடுவில் அந்தப் படிக்கட்டும் பந்தமும் வந்து நின்றன. நான் ஒன்றும் கதைக்கவில்லை. மூச்சுத்தான் விட்டேன். நீயும் அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. லைனை வெட்டவும் இல்லை. எவ்வளவு நேரம் அப்படி நின்றேனோ தெரியாது. பின்னால் நின்றவர் இருமினார். ரிசீவரை வைத்துவிட்டு ஸ்ரேஷனுக்குப் போனேன். நான் வர ஐயாவின் பிரேதத்தை எடுத்துவிட்டார்கள். அந்தக் கோலைக் கதைத்திருந்தாலும் மெயில் ரயில் முந்தி ஓடியிருக்காது. ஆனாலும் ஐயாவைப் பற்றி ஒரு சொல் கேட்கப்போய், கேட்காமல் திரும்பினது உன் குரலால்தான். என் குரல் வெளிவரவே இல்லை. அதனால் நான்தான் அது என்று உனக்குத் தெரிந்திருக்காது என்றே இத்தனை காலமும் நினைத்தேன்.

எழுபத்தேழுக் கலவரத்தில் கடை போனது. இரண்டு பெட்டியோடு வேலணைக்குத் திரும்பி வந்தோம். நீ பட்டணத்தில், நான் இங்கே. நடுவில் ஒரு பாலம்தான், அரைமணி பஸ். ஐந்து வருஷத்தில் நீ கோயில் திருவிழாவுக்கு வந்து, தூரத்தில் நின்று, என்னைப் பார்த்துவிட்டுப் போனாய். நானும் பார்த்தேன், பார்க்காததுபோல. இந்தப் பங்குனியில் உனக்குச் சுகமில்லை, வந்து பார்க்கச் சொன்னாய் என்று உன் வீட்டுப் பக்கத்திலிருந்து ஒரு அக்கா வந்து சொன்னா.

"ஒடியல் காயப்போட்டுக் கிடக்கு. இப்ப வர ஏலாது" என்றேன்.

அந்த அக்கா முற்றத்துப் பாயைப் பார்த்தா. பாயில் பனங்கிழங்கு கிழித்த ஒடியல் கிடந்தது உண்மைதான். பொய் சொல்லவில்லை. அவ இரண்டாம் தரமும் வந்தா. அதே மறுமொழி சொன்னேன். மூன்றாம் தரம் செத்தவீட்டுச் செய்தி வந்தது. செத்தவீட்டுக்கும் நான் வரவில்லை. என் மனுசன் மட்டும் போய்விட்டு வந்து, சால்வையை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டு சொன்னார்: "இஞ்சேரும், செத்தவளோடயும் என்ன கோபம்?" அவருக்கு இந்தக் கடிதம்தான் மறுமொழி.

இவ்வளவும் எழுதியபின் இப்போதுதான் கொப்பியைத் திறந்தேன்.

மட்டை கழன்றுபோயிருக்கிறது. இடப்பக்கம் உன் சாய்ந்த எழுத்து, வலப்பக்கம் என் குண்டு எழுத்து, நடுவில் பஸ் குலுக்கலில் கோணின கோடு. நாங்கள் எவ்வளவு மடைச்சிகளாக இருந்திருக்கிறோம். 'ஸ்கவுண்றல்: தொப்பியில் இறகு குத்தினவனைப் பார்த்து மற்றவன் சொன்னது.' 'பேர்வெல்: கப்பல் வெளிக்கிட்டபிறகு சொல்லுறது.' இதை வாசித்துச் சிரித்துவிட்டேன். உனக்காகச் சிரிக்கவில்லை. சிரிப்பு வந்தது, அவ்வளவுதான்.

கடைசித் தாளைத் திருப்பினேன். 'மாற்று' என்ற தலைப்பு. கலப்புக்கும் டச்சஸுக்கும் கீழே ஒரு புது வரி. பழைய பென்சில் அல்ல, நீலப் பேனை. எழுத்து நடுங்கியிருக்கிறது. படுக்கையில் சாய்ந்துகொண்டு எழுதினது என்று பார்க்கவே தெரிகிறது.

பேஷன்ஸ் என்ற சொல்லை என் பக்கத்தில் எழுதியிருக்கிறாய். சட்டப்படி காட்சியும் எழுதியிருக்கிறாய். படிக்கட்டுச் சீமாட்டி அல்ல. 'ரங் கோல். மச்சாள் ஒண்டும் கதையாமல் லைனில நிண்டது.'

தெரிந்திருக்கிறது உனக்கு. மூச்சிலேயே என்னைப் பிடித்துவிட்டாய். உன் காது அப்படி.

அதற்கு மாற்றாக உன் பக்கத்தில் மேர்சி என்று எழுதியிருக்கிறாய். அதற்குக் காட்சி இல்லை. காட்சி எழுதவேண்டிய இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறாய். கீழே உன்னுடைய சின்னக் கையெழுத்து. பக்கத்தில் என்னுடையதற்கு இடம்.

இதற்காகத்தான் ஆள் விட்டாயா? இதில் கையெழுத்து வாங்கத்தானா?

கெட்டிக்காரி நீ, மச்சாள். செத்தபிறகும் கெட்டிக்காரி. என் வாயைத் திறந்து ஏசவும் விடாமல், நீ போட்ட சட்டத்துக்குள்ளேயே நின்று கேட்டிருக்கிறாய். சபையில் என்னைப் பார்த்துச் சிரிக்கவைத்த சொல்லையே கேட்கிறாய். முற்றத்தில் நான் காதைப் பிடித்துக்கொண்டு மூன்று தரம் வாயால் சொன்னேன். உனக்கு வாயால் ஒரு தரம் சொல்ல வரவில்லை. பாலத்துக்கு அந்தப் பக்கம் பதினாறு வருஷம் இருந்தாய், லைனும் ஒருநாள் முழுதாக உன் கையில் இருந்தது. எழுதிப் பூச்சி உருண்டை போட்டு வைத்திருக்கிறாய். எனக்குப் பற்றி எரிகிறது. நீ உயிரோடு இருந்தால் இந்தக் கொப்பியாலேயே உனக்கு அடித்திருப்பேன்.

நான் அந்த மூன்றாம் தரம்வரை பொறுக்காமல் முதலாம் தரமே வந்திருக்கலாம். ஒடியலை என் மனுசன் அள்ளியிருப்பார். வந்திருந்தால் உன் கட்டிலடியில் நின்று ஏசியிருப்பேன், ஏசிமுடிய நீ கொப்பியை நீட்டியிருப்பாய், பிறகு என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. தெரியாமல் போனதற்கு உன்னோடு சேர்த்து என்னோடும் எனக்குக் கோபம். ஆர் மறிச்சது? நானே என்னைக் கேட்கிறேன். இதையும் நீதான் கேட்கவைத்தாய்.

இன்று மத்தியானம் உன் மனுசன் வந்தார். புத்தகத்துக்கென்று ஒரு துண்டில் எழுதி வைத்திருந்ததைக் கொடுத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சத்தமாக வாசித்தார். "என் மச்சாள் கெட்டிக்காரி. அவளுக்குக் காது கூர்மை. ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் ஒன்றாகப் படம் பார்த்தோம்." மூன்றும் உண்மை. ஒன்றும் கூட்டவில்லை.

"நாலு வரியெல்லோ கேட்டனான். மூண்டுதான் கிடக்கு, தங்கச்சி."

"மூண்டுதான் இப்ப வந்தது, அண்ணை."

அவர் துண்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். மேசையில் கிடந்த கொப்பியைப் பார்த்தார். கடைசித் தாள் விரிந்தபடி கிடந்தது. அதன்மேல் என் பேனை.

"கொப்பியைத் தாருமன். அவவின்ர சாமான்களோட வைச்சிடுறன்."

நான் அதை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"இருக்கட்டும், அண்ணை. எங்கட அலுவல் இன்னும் முடியேல்லை."